மான் வேட்டைக்கு எந்த ரைஃபிள்? டெக்சாஸில் ஒரு பதில், பொதட்டூர்பேட்டையில் வேறு பதில்

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு ஒரு வாய்ஸ் நோட். அனுப்பியது ஸ்கூல் ஃபிரெண்ட். சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை, இப்போ ஐ.டி. வேலையில் டெக்சாஸ். “மச்சி, ஆபீஸ்ல மான் வேட்டைக்குக் கூப்பிடுறாங்க. எந்த ரைஃபிள், எந்த தோட்டான்னு கேட்டா முழிக்கிறேன். நீதான் எக்ஸ்ப்ளெய்னர் எழுதுற ஆளாச்சே, தேடிச் சொல்லு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போகவேண்டிய வேலை இருந்தது. அப்படியே பள்ளிப்பட்டு ரோட்டைப் பிடித்து பொதட்டூர்பேட்டை போய் அவன் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் தறி, ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். அப்புறம் அவரும் ஒரு கேள்வி கேட்டார்: “ஏம்பா, அங்க போய் சுடலாமாம். இங்க என் கொல்லியில ராவுல வந்து மேய்ஞ்சிட்டுப் போறதை நான் ஏன் தொடக்கூடாது?”

மகன் கேட்டது துப்பாக்கி பற்றி. அப்பா கேட்டது சட்டம் பற்றி. எழுத உட்கார்ந்தபோதுதான் இரண்டும் ஒட்டிப் பிறந்த கேள்விகள் என்று புரிந்தது.

முதலில் மகனுக்கு: ‘எந்த ரைஃபிள்’ என்றால் என்ன கேட்கிறோம்?

ரீல்ஸில் பார்த்தால் ரைஃபிள்தான் ஹீரோ. உண்மையில் ரைஃபிள் ஒரு குழாய். வேலையைச் செய்வது தோட்டா. ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் தீப்பொறி கிளப்பும் சின்ன மூடி, முனையில் பறந்து போகிற குண்டு. கூட்டுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது, குண்டு எவ்வளவு கனம் என்பதை வைத்துத்தான் அடியின் பலம் வருகிறது.

.243, .308 என்று புள்ளி வைத்து எழுதுகிறார்களே, அது ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில். .243 என்றால் சுமார் 6.2 மில்லிமீட்டர். .308 என்றால் 7.8. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. .22 என்பது 5.6 மி.மீ. கேட்பதற்கு .243-க்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். ஆனால் பலத்தைப் பாருங்கள்.

ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைப் பத்து சென்டிமீட்டர் தூக்க ஆகும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒரு ஜூல். லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர் ரைஃபிள் 20 ஜூலுக்குள். சாதாரண .22 தோட்டா சுமார் 180. .243 வின்செஸ்டர் சுமார் 2,600. .308 வின்செஸ்டர் சுமார் 3,600. .30-06 அதற்கும் கொஞ்சம் மேலே. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். பலத்தில் 14 மடங்கு.

இந்தக் கணக்கு எதற்கு? மான் சட்டென்று சாக வேண்டும், அதற்காக. குண்டு பட்டும் உடனே விழாத மான் ஓடும். பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில் புதருக்குள் கிடந்து சாகும். அதனால்தான் வேட்டையை அனுமதிக்கிற நாடுகள் இந்த முடிவை வேட்டைக்காரர் இஷ்டத்துக்கு விடுவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1991 மான்கள் சட்டம், ரைஃபிள் குறைந்தது .240 அங்குலம், குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது குறைந்தது 1,700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2,300 ஜூல் என்று எண் போட்டே சொல்கிறது. உடல் சிறிய சில மான் வகைகளுக்கு மட்டும் தளர்வு உண்டு. டெக்சாஸில் அங்குள்ள வெண்வால் மானை .22 மாதிரி ரிம்ஃபயர் தோட்டாவால் சுடவே கூடாது.

இங்கிலாந்து சட்டத்தில் இன்னொரு வரி: குண்டு உள்ளே போனதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். ராணுவக் குண்டு முழுக்கச் செம்பு உறை போட்டது. ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். வேட்டைக் குண்டின் மூக்கு மென்மையானது; பட்டதும் காளான் மாதிரி விரியும். போரில் விரியும் குண்டை 1899 ஹேக் பிரகடனம் தடை செய்தது. மனிதனுக்குக் கொடூரம் என்று தடுத்த அதே குண்டைத்தான் மானுக்கு ‘இதையே போடு’ என்கிறது இன்னொரு சட்டம். முதல் தடவை படிக்கும்போது எனக்கும் தலை சுற்றியது. காரணம் ஒன்றுதான்: சிப்பாயைப் போரிலிருந்து விலக்கினால் போதும், மானை இழுத்தடிக்காமல் கொல்ல வேண்டும்.

அப்போ நண்பனுக்கு என்ன சொன்னேன்? முதல்முறை சுடுகிறவனுக்கு .243 அல்லது 6.5 கிரீட்மோர். .308-உம் தப்பில்லை, அமெரிக்காவில் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் தோளில் உதைக்கும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் கண்ணை மூடுவான், குண்டு மானின் வயிற்றில் படும். பெரிய துப்பாக்கி வைத்திருக்கிற பயந்தாங்கொள்ளியைவிட, சின்ன துப்பாக்கியில் நூறு தோட்டா சுட்டுப் பழகியவன் மேல். குறி தலைக்கு இல்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூடு. நுரையீரலும் இதயமும் அங்கேதான். எந்தத் தூரத்தில் பத்துக்குப் பத்து அந்த இடத்தில் அடிக்க முடிகிறதோ, அதைத் தாண்டி இருக்கிற மானைப் பார்த்து ரசிக்கலாம், சுடக்கூடாது. புது ரைஃபிள் வாங்காதே, கூப்பிட்டவர்களிடமே இரவல் வாங்கிப் பழகு என்றும் சொன்னேன்.

இரவல் வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவன் எச்-1பி விசாவில் இருக்கிறான். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முக்கியமான விதிவிலக்கு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. லைசென்ஸ் எடுப்பதற்கு முன் ‘சும்மா ரேஞ்சுக்கு வா’ என்று யாராவது கூப்பிட்டால்கூட வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. விசாவோடு விளையாட வேண்டாம். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு டெக்சாஸில் வேட்டைப் பயிற்சி வகுப்பும் கட்டாயம்.

அங்கே சுடப்போவது நம்ம ஊர் மான்

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவன் ஆபீஸ்காரர்கள் குறி வைத்திருப்பது ‘ஆக்சிஸ் டீர்’. அது வேறொன்றும் இல்லை, நம்ம புள்ளிமான். 1930களில் டெக்சாஸ் பண்ணைகளுக்குக் கொண்டுபோனார்கள். வேலி தாண்டிப் பெருகிவிட்டது. உள்ளூர் வெண்வால் மானுக்கு அங்கே சீசன் உண்டு, தலைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. புள்ளிமான் வெளியூர் விலங்கு என்பதால் மாநில அரசு சீசனும் வைக்கவில்லை, எண்ணிக்கையும் வைக்கவில்லை. வேட்டை லைசென்ஸும் நிலத்துக்காரர் அனுமதியும் இருந்தால் ஆண்டு முழுக்கச் சுடலாம். ஹவாய்த் தீவுகளுக்கு 1860களிலேயே போய்விட்டது. அங்கேயும் அது மேய்ச்சலைத் தின்று தீர்க்கும் தொல்லை. அவ்வளவு தூரம் எதற்கு? அந்தமானில் பிரிட்டிஷார் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள், தம்மை அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாத அந்தத் தீவுகளில் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தள்ளுகின்றன.

ஒரே விலங்கு. பிறந்த காட்டில் அதைத் தின்னப் புலி, சிறுத்தை, செந்நாய் இருக்கின்றன. அவற்றின் சாப்பாடே இதுதான். பொதட்டூர்பேட்டைக்கு வடக்கே ஆந்திர எல்லை தாண்டினால் நகரி மலைகள், இன்னும் மேலே திருப்பதி சேஷாசலம் காடு, ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. சிறுத்தை இருக்கிற காடு அது. அங்கே மான் குறைந்தால் சிறுத்தை எதைத் தேடி ஊருக்குள் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸ் பண்ணையில் அந்தக் கவலை இல்லை.

துப்பாக்கிக் கடையில் .315 மட்டும் ஏன்?

இது கொஞ்சம் கிளைக்கதை. ஆனால் தோட்டா பற்றிப் பேசிவிட்டு இதை விட முடியாது. இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர் வீட்டு ரைஃபிளைப் பார்த்தால் பெரும்பாலும் .315 ஆகத்தான் இருக்கும். உலகத்தில் வேறெங்கும் இதை ‘.315’ என்று சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. காரணம் பழைய வெள்ளைக்காரப் பயம். பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா .303. அதே தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியிலும் பொருந்தினால், பாசறையிலிருந்து திருட்டுப் போகும் ஒவ்வொரு பெட்டியும் கலகக்காரர் கைக்குப் போகும். அதனால் ராணுவத் தோட்டாவைத் தடுத்துவிட்டு, ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா வழி வந்த .315-ஐ வேட்டைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் மேற்கு வங்கம் இஷாப்பூர் தொழிற்சாலை அதையே செய்தது. .303-உம் ராணுவத்தின் 7.62-உம் இன்றைக்கும் சாமானியருக்குக் கிடைக்காத வகை. ஆக, டெக்சாஸில் பெட்டிக்கடைச் சரக்கு மாதிரி கிடைக்கும் .308-ஐ இங்கே நீங்கள் கேட்கவே முடியாது. அது ராணுவ 7.62-இன் இரட்டைப் பிறவி.

ஒரு காலத்தில் இங்கேயும் வேட்டை லைசென்ஸ் இருந்தது. 1879லேயே நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். வேட்டையாட அனுமதிச் சீட்டு, ஆடக்கூடாத மாதங்கள் எல்லாம் அதில் உண்டு. கிட்டத்தட்ட இன்றைய டெக்சாஸ் முறை. பெங்களூருவிலிருந்து கிளம்பி .405 வின்செஸ்டரோடு சித்தூர் காடுகள் வரை அலைந்த கென்னத் ஆண்டர்சனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தக் காலம் தெரியும். அந்தக் கதவை மூடியது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

சட்டம் ‘வேட்டை’ என்று எதைச் சொல்கிறது?

நம்மில் பலர் நினைப்பது: சுட்டுக் கொன்றால்தான் வேட்டை. இல்லை. சட்டத்தின் 2-ஆம் பிரிவில் இருக்கும் விளக்கத்தைப் பாருங்கள்: கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, காயப்படுத்துவது எல்லாம் வேட்டை. இவற்றில் எதையாவது செய்ய முயல்வதும் வேட்டை. குறி தவறிவிட்டது, மான் தப்பிவிட்டது என்பதால் வழக்கு போகாது. 9-ஆம் பிரிவு அட்டவணை விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. நம்ம நாட்டு மான் எதுவும் அட்டவணைக்கு வெளியே இல்லை. மத்தியச் சட்டம் என்பதால் பள்ளிப்பட்டு பக்கம் சுட்டுவிட்டு நகரி பக்கம் ஓடினாலும் அதே சட்டம்தான் அங்கேயும் நிற்கும்.

தண்டனை 2022 திருத்தத்துக்குப் பிறகு இன்னும் கடுமை. வெளிமான் மாதிரி முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மற்ற அட்டவணை விலங்கு என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டையாடிய விலங்கு அரசுச் சொத்து, கறியும் அப்படியே. ‘நான் சுடலை, ஒரு கிலோ வாங்கினேன், அவ்ளோதான்’ என்பவரும் வழக்கில் வருவார். பயன்படுத்திய பைக்கும் போகும்.

சல்மான் கான் வழக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1998 அக்டோபரில் ஜோத்பூர் அருகே வெளிமான் வேட்டை, 2018 ஏப்ரலில் ஐந்து ஆண்டு தண்டனை, மேல்முறையீடு, ஜாமீன். அவ்வளவு பெரிய நட்சத்திரத்தையே இருபது வருஷம் கோர்ட்டுக்கு இழுத்தது அந்த வழக்கு. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாதவரை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏர்கன் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆன்லைனில் வாங்குபவர்களில் நம்ம வயசுக்காரர்கள் அதிகம். .177 அளவு, 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. உண்மை. துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம். அதை வைத்து மானையோ மயிலையோ சுட்டால் வேட்டை வழக்கு அப்படியே வரும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கிக்கும் இதே கதை. ஆயுத லைசென்ஸ் ஆயுதம் வைத்திருக்கத்தான் அனுமதி, விலங்கைச் சுட இல்லை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் லைசென்ஸ்காரர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

நிஜத்தில் கையில் இருப்பது நாட்டுத் துப்பாக்கி

சரி, .243, .308 எல்லாம் பேசினோம். தமிழ்நாட்டில் மான் வேட்டைக் கைது செய்தி வரும்போது படத்தில் என்ன இருக்கும்? ஒரு நீளக் குழல் நாட்டுத் துப்பாக்கி, கருமருந்து டப்பா, ஒரு பொட்டலம் பால்ரஸ், ஒரு டார்ச்.

மேலே சொன்ன ஒவ்வொரு விதியையும் இதோடு வைத்துப் பாருங்கள். ரைஃபிள் என்ற பெயரே குழலுக்குள் திருகு மரை மாதிரி வெட்டிய வரியால் வந்தது. அந்த மரைதான் குண்டைப் பம்பரமாகச் சுழற்றி நேராக அனுப்புகிறது. நாட்டுத் துப்பாக்கியில் மரை இல்லை. மருந்தைக் குழல் வாய் வழியே கை அளவில் கொட்டி, துணியோ நாரோ அடைத்து, பால்ரஸ் போட்டு, கம்பியால் இடிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பலம் வேறு. சைக்கிள் பால்ரஸ் விரியாது, அது எஃகு. பத்துப் பதினைந்து குண்டு சிதறும்; ஒன்று தொடையில், ஒன்று வயிற்றில். இரவில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டாவது தடவை சுட மறுபடி மருந்து இடிக்கும் நேரத்துக்குள் மான் எங்கேயோ. மருந்து கூடிப்போனால் வெடிப்பது குழல்தான், சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில். புதரில் அசைந்தது மானா, கூட வந்தவனா என்பது இன்னொரு பிரச்சினை.

இதோடு ஆயுதச் சட்டமும் சேரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. தயாரித்தவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.

சிறைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. 2023 பிப்ரவரியில் சேலம் மாவட்டம் மேட்டூரை அடுத்த கோவிந்தபாடியிலிருந்து பரிசலில் எல்லைப் பகுதிக் காட்டுக்குள் போனவர்கள் மீது கர்நாடக வனத்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒருவரின் உடல் பிறகு ஆற்றில் கிடைத்தது. மான் வேட்டைக்கு வந்தவர்கள், அவர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கப் போனவர் என்றது குடும்பம். இரண்டு மாநில எல்லை, இரவு, கையில் துப்பாக்கி இருக்கலாம் என்ற சந்தேகம். அதுவே ஒரு உயிர் போகப் போதுமானதாக இருந்தது. பொதட்டூர்பேட்டையும் எல்லை ஊர்தான்.

அப்பாவின் கேள்விக்கு

“அப்போ நான் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?” என்று கேட்டார். நியாயமான கோபம். கடலை போடும் செலவு அவருக்கு. காட்டைக் காப்பாற்றும் பெருமை நமக்கு. இதை எழுதுகிற நான் சென்னையில் ஏ.சி. அறையில் இருக்கிறேன் என்பதையும் மறைக்க முடியாது.

சட்டத்தில் அவருக்கு இருக்கும் வழிகள் குறுகலானவை. 11-ஆம் பிரிவின்படி, முதல் அட்டவணையில் இல்லாத விலங்கு பயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் உத்தரவு போட்டால் மட்டுமே அதைச் சுடலாம். முடிவு அவர்களுடையது, நிலத்துக்காரருடையது இல்லை. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை. கடலையைக் காப்பாற்ற என்றால் அந்த விலக்கு கிடையாது.

அவரிடம் பொறுமையாக விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. மான் வந்தது இரண்டு தடவை. கொல்லியை உழுது போட்டது மாதிரி ஆக்கியது காட்டுப்பன்றி. பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவது; 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம். விவசாயி இல்லை, வனத்துறை. அவர் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அவருக்கே தெரியவில்லை. போனில் மேப்பைத் திறந்து இருவரும் அளந்தோம். மூன்றைத் தாண்டியது.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்: வேலியில் கரண்ட். அதில் பன்றியைவிட, காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் கொல்லிக்காரர் சாகிற செய்திதான் எங்கள் டெஸ்க்குக்கு அதிகம் வருகிறது.

பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். சேதம் நடந்த அன்றைக்கே தேதி தெரிகிற மாதிரி போட்டோ, கால் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து இன்னொரு போட்டோ, வி.ஏ.ஓ.விடம் தகவல், சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு, மனு கொடுத்ததற்கு ரசீது. பணம் எப்போது வரும் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “வள்ளியே மான் வயித்துல பொறந்தவதான்பா. முருகன் வேடன் வேஷத்துல வந்துதான் அவளைப் பார்த்தாரு. திருத்தணியில வச்சுக் கட்டிக்கிட்டாரு. அந்த ஊர்க்காரன் நான், மானைச் சுடுவேன்னு நெனைச்சியா? பன்னிதான் தாங்கல.”

நண்பனுக்கு எல்லாவற்றையும் டைப் செய்து அனுப்பினேன். வேட்டைப் பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்துவிட்டானாம், .243 இரவல் கிடைக்குமாம். கடைசியாக ஒரு வரி: “அப்பாகிட்ட ஆக்சிஸ்னா புள்ளிமான்னு சொல்லிட்டியா?”

இன்னும் இல்லை என்று பதில் போட்டேன். அவர் அப்போது வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்.